அலகும் ஆழமும்

திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கோ ஈரோட்டு வெள்ளோட்டுக்கோ பறவை பார்க்கப் போகிறவர்கள், எத்தனை வகை கண்ணில் பட்டது என்று எண்ணிக்கொண்டு திரும்புகிறார்கள். எண்ணட்டும், பெயர் தெரிவது நல்லதுதான். ஆனால் நீர்ப்பறவையின் அழகு பிடிபட, அது இரை தேடும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆழத்தில் முக்குளிப்பான் மூழ்கி எழும். அதைவிட ஆழம் குறைந்த இடத்தில் ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து, நீண்ட கழுத்தால் அடிமண்ணைத் துழாவும். பக்கத்திலேயே தட்டைவாயன், அலகோரத்துச் சீப்புப் பற்களால் மேல்நீரை வடிகட்டியபடி நீந்தும். ஆழம் இன்னும் குறைந்த நீரில் நெடுங்கால் உள்ளான் நிற்கும். கரைச் சேற்றில் பட்டாணி உப்புக்கொத்தி ஓடும், சட்டென நிற்கும், கண்ணால் கண்டதைக் கொத்தும். ஒரே குளத்தில் இத்தனை பேர் அடித்துக்கொள்ளாமல் பிழைக்க வழி செய்வது காலின் நீளமும் அலகின் வடிவமும்தான்.

இதை ஒப்புக்கொண்டால் படம் எடுக்கும் முறையும் மாறும். இறகின் நுணுக்கம் தெரிய நெருங்கித்தானே ஆக வேண்டும் என்று கேட்கலாம். நெருக்கப் படத்துக்கு அதற்கான மதிப்பு உண்டு. ஆனால் சேறும் நீர்விளிம்பும் வெட்டப்பட்ட படத்தில் உள்ளானின் கால் ஏன் அவ்வளவு நீளம் என்பதற்கு விடை இருக்காது. காலை வெயிலை முதுகுக்கு விட்டு, கேமராவை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி, பறவையைச் சுற்றி இடம் விட்டு எடுங்கள். சாதாரண லென்ஸே போதும். வாத்துகள் மேய்வதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள். இமயத்துக்கு அப்பாலிருந்து வந்தவை திரும்பிப் போகத் தேவையான கொழுப்பை இங்கேதான் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை எழுப்பிவிடும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: சாக்கடை கலக்கும் குளத்தில் ரசிக்க என்ன இருக்கிறது? நொய்யல் ஆற்றுப் படுகையின் குளங்கள் பலவற்றில் கழிவுநீர் சேர்வது உண்மை. வெள்ளோடு 2022இலும் நஞ்சராயன் 2024இலும் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததால் அந்தக் கவலை தீர்ந்துவிடவில்லை. பறவைக் கூட்டம் தண்ணீரின் சுத்தத்துக்கு நற்சான்றும் ஆகாது. சத்து மிகுந்து கலங்கிய நீரில் நுண்ணுயிர் பெருக, தட்டைவாயனுக்கு நல்ல மேய்ச்சல் கிடைக்கும். கண்ணால் மீனைக் குறிவைக்கும் மீன்கொத்திக்கோ தெளிந்த நீர் வேண்டும். ஆகவே யார் வந்திருக்கிறார்கள், யாரைக் காணோம் என்று கவனிப்பதே தண்ணீரைப் படிக்கும் வழி. தரத்தைப் போலவே நீரின் மட்டமும் முக்கியம். குளம் நிரம்பி வழிவதைப் பார்த்து மகிழும் ஊர் நம்முடையது. மழை குறைந்த கொங்கில் அந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் கரையோடு கரையாக நீர் தளும்பும்போது உப்புக்கொத்திக்குக் கால் வைக்க இடமில்லை. கரையைச் செங்குத்தாக்கிக் கல் பதித்துவிட்டால், நீர் வற்றினாலும் சரிவான சேறு கிடைக்காது. கரை மண்ணாகவே இருக்கும் குளமாகத் தேர்ந்தெடுத்து, தை, மாசியில் நீர் இறங்கத் தொடங்கியதும் போங்கள்.