மாலையைத் திருப்பிப் பாருங்கள்

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் கண் நேராக மேடைக்குத்தான் போகிறது. சுவர் முழுக்கப் பூ, தலைக்கு மேலே தொங்கும் பூ, சோபாவைச் சுற்றிலும் பூ. "டெக்கரேஷன் பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறோம். எவ்வளவு பூ என்று பார்த்தோமே தவிர, என்ன வேலை என்று பார்க்கவில்லை. பூ அலங்காரம் நம் ஊரில் மளமளவென்று மாறிவரும் காலம் இது. வந்திருக்கும் மாற்றங்களில் நல்ல ரசனையும் இருக்கிறது, வெறும் பகட்டும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் மேடையை விட்டுவிட்டு மாலையிலிருந்து தொடங்குங்கள்.

மாலையைக் கையில் வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் காரியம், அதைத் திருப்பிப் பார்ப்பது. முன்பக்கத்தை யாரும் அழகாகக் காட்டிவிடலாம். கட்டியவரின் கைத்திறன் தெரிவது கழுத்தில் படும் பக்கத்தில்தான். காம்புகள் ஒரே அளவாக நறுக்கப்பட்டு உள்ளே அடங்கியிருக்கின்றனவா, கட்டு சீராக இறங்குகிறதா, அல்லது கம்பியும் ஸ்டேப்ளர் பின்னும் எட்டிப் பார்க்கின்றனவா என்று கவனியுங்கள். பிறகு இரண்டு சரங்களையும் சேர்த்துப் பிடியுங்கள். இந்தப் பக்கத்துப் பச்சை அந்தப் பக்கத்துப் பச்சைக்கு நேராக வர வேண்டும். குஞ்சம் நடுவில் நிற்க வேண்டும்.

நாரையும் பாருங்கள். நனைத்துக் கிழித்த வாழைநார் ஈரத்தைப் பிடித்துவைக்கும். எவ்வளவு இறுக்கினாலும் மல்லிகைக் காம்பை அறுக்காது. மெல்லிய நூல் அறுத்துவிடும். நூலில் கட்டிய சரத்தை உதறினால் பூ உதிர்வது அதனால்தான்.

கட்டும் கலை எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைக்கு ஒருமுறை போய் வர வேண்டும். அங்கே கட்டும் மாணிக்க மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேண்டியதெல்லாம் வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை. விலை உயர்ந்த பூ ஒன்றுகூடக் கிடையாது. அரளியை மடித்து, நிறம் மாற்றி மாற்றி, பாய் முடைவதுபோல வரிசை வரிசையாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். கட்டி முடித்த பிறகு அது அரளி என்று சொன்னால்தான் தெரியும். தட்டையான பரப்பில் சிவப்புக் கற்கள் பதித்ததுபோல் மின்னும். மாணிக்க மாலை என்பது திருவிதாங்கூர் மன்னர் பார்த்து வியந்து வைத்த பெயர் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இந்த மாலையைப் பத்து நிமிடம் நிதானமாகப் பார்த்துவிட்டால், அதன்பின் எந்த மாலையையும் பூவின் விலையை வைத்து எடை போடமாட்டீர்கள்.

இன்றைய மணமக்கள் விரும்பிக் கேட்பது இதழ் மாலை. ரோஜாவைப் பிரித்து, இதழ் இதழாக மடித்து, ஊசியில் நெருக்கிக் கோத்து, உருண்டையான வடமாக இறக்குகிறார்கள். வெளிர் ரோஸ், சந்தனம், தந்த வெள்ளை போன்ற மென்னிறங்களுக்குத்தான் மவுசு. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். தடித்த திண்டு மாலையில் குனிவதுபோல் இதில் பெண்ணின் கழுத்து பாரத்தால் குனிவதில்லை. பட்டின் சரிகையும் மறைவதில்லை. ஆனால் இதழ் மாலையைக் கிட்டே போய்த்தான் ரசிக்க வேண்டும். நல்ல வேலையில் இதழ்களின் விளிம்புகள் ஒரே வட்டத்தில் நிற்கும். நடு நூல் எங்கும் தெரியாது. ஊசி ஏறிய இடமும் மடிப்பும்தான் முதலில் பழுப்பேறும். மடிப்போரத்தில் பழுப்புக் கோடு ஓடியிருந்தால் கோத்து வெகுநேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். வெளியிதழ்களை உள்ளே மடித்து வைக்கும் தாமரை அலங்காரத்துக்கும் இதே சோதனைதான். தாமரை இன்னும் சீக்கிரம் கறுக்கும்.

நீலச் சம்பங்கியைப் பார்த்து மட்டும் மயங்காதீர்கள். அப்படியொரு பூ செடியில் பூப்பதில்லை. அது சாயம் ஏற்றியது. ஈரம் பட்டால் அந்தச் சாயம் பட்டுப்புடவையில் இறங்கக்கூடும்.

அடுத்தது வாசனை. தாய்லாந்து ஆர்க்கிட்டும் ஓசூர்ப் பசுமைக்குடில்களில் விளையும் ஜெர்பராவும் கண்ணுக்கு நிறைவானவை. ஆர்க்கிட் சட்டென்று வாடவும் வாடாது. ஆனால் இவற்றால் மட்டுமே நிறைந்த மேடையில் மணம் இருக்காது. நல்ல அலங்காரக்காரர் இதை அறிந்தவர். மணமக்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலாவது கொஞ்சம் மரிக்கொழுந்தும் மல்லியும் வைத்திருப்பார்.

மல்லியை ரசிக்க நேரம் தெரிய வேண்டும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு இதழ் தடிமன், காம்பு நீளம். நெருக்கிக் கட்டத் தோதானது. விடியற்காலையில் மொட்டாகப் பறித்தால் அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் விரியும். அதன் மணம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். எனவே மாலை வரவேற்புக்கு மல்லியைப்போல் பொருத்தமான பூ வேறில்லை. அதிகாலை முகூர்த்தத்துக்குத் தலையில் வைக்கும் மல்லி முந்தின நாள் பறித்தது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து விரியாமல் பார்த்துக்கொண்டால்தான் அழகு நிற்கும். மார்கழி, தை மாதப் பனியில் மல்லி வரத்து குறைந்து விலை எகிறும்போது அடம்பிடித்து வாங்குவதைவிட அந்தப் பருவத்துச் செவ்வந்தியை நாடுவதுதான் ரசனை. இரவு நீண்டால்தான் செவ்வந்தி மொட்டு விடும். அது வேறு மாதங்களிலும் கிடைப்பதற்குப் பின்னால் வயலில் இரவில் பல்பு எரியவிட்டுப் பூப்பதைத் தள்ளிப்போடும் விவசாயியின் உழைப்பு இருக்கிறது.

இனி மேடைக்கு வரலாம். பூங்கொத்துகள் எதில் செருகப்பட்டிருக்கின்றன என்று பின்னால் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பச்சை நிறப் பஞ்சுக் கட்டியாக இருக்கும். 1954-இல் அமெரிக்காவில் ஒயாசிஸ் என்ற பெயரில் வந்த பொருள் இது, வேலையை எளிதாக்கியது. ஆனால் அது மக்காத பிளாஸ்டிக். பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணிலும் நீரிலும் கலக்கும். லண்டனில் செல்சி மலர்க் காட்சியை நடத்தும் ராயல் தோட்டக்கலைச் சங்கம், 2021 முதல் தன் காட்சிகளில் இதற்குத் தடை விதித்துவிட்டது. நமக்கு வாழைத்தண்டும் தென்னங்குருத்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. குருத்தோலையில் கிளியும் தோரணமும் பின்னி, இடையிடையே சாமந்திச் சரம் விட்ட பந்தல்கள் இப்போது மறுபடி தலைகாட்டுகின்றன. நான் பார்க்கும் புதுப் போக்குகளில் மிகச் சிறந்தது இதுதான். வாடகைக்கு வரும் பிளாஸ்டிக் பூச்சுவரை இந்தக் கணக்கிலேயே சேர்க்க முடியாது.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு மாலை சொல்லப் போகும்போது விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எந்த நாரில் கட்டுவீர்கள், எத்தனை மணிக்குக் கட்ட உட்காருவீர்கள் என்றும் கேளுங்கள். பூ விலையில் வேண்டுமானால் பேரம் பேசுங்கள், கட்டுக்கூலியில் பேசாதீர்கள். இரவெல்லாம் விழித்துக் கட்டியவர் விடியற்காலையில் மாலையைக் கொண்டுவந்து நீட்டும்போது, நாலு பேர் காதில் விழும்படி "நல்ல கட்டு" என்று சொல்லுங்கள்.