ஒரு சதவீதத்துக்குக் கீழே

கைபேசிச் செயலி எழுதுகிறவர்கள் வேலையைத் தொடங்கும்போதே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எந்த ஆண்ட்ராய்டுப் பதிப்பு வரைக்கும் கீழே இறங்கிப் போவது என்பதைச் சொல்லும் எண் அது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் அதைத் தெரிவு செய்ததும் பக்கத்தில் ஒரு வரி வந்து நிற்கும்: உங்கள் செயலி ஏறத்தாழ இத்தனை சதவீதக் கருவிகளில் ஓடும். இந்த ஒற்றை வரியைத்தான் இங்கே ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க விரும்புகிறேன். கவிதையையும் நாவலையும் கட்டுடைக்கிற நாம் இதை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? யார் உள்ளே, யார் வெளியே என்று நம் காலத்தில் தீர்மானிக்கிற வரிகளில் இதுவும் ஒன்று. தீர்ப்பு என்ற தோரணையே இல்லாமல், வெறும் தகவல் போல ஓரமாக உட்கார்ந்திருக்கிறது.

2019-இல் வட மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் தூய்மைப் பணியாளர் சங்கத்துக்காக நான் ஒரு செயலி எழுதிக் கொடுத்தேன். கூலி பாக்கி, கையுறை தராதது, மேஸ்திரி பிடித்துக்கொள்ளும் பணம் எல்லாவற்றையும் உறுப்பினர்கள் தாங்களே பதிவு செய்வதற்கான செயலி. 5.0 பதிப்புக்குக் கீழே போவதில்லை என்று முடிவெடுத்தவன் நான்தான். அந்த ஆண்டு மே மாதம் கூகுள் வெளியிட்ட பட்டியல் என் மேசையில் இருந்தது. 4.4 பதிப்பு 6.9 சதவீதம், 4.1 முதல் 4.3 வரை 3.2; அதற்கும் பழையவை இரண்டு, தலைக்கு 0.3. கூட்டினால் 10.7. பத்துக்கு ஒன்பது பேர் தேறுகிறார்களே, போதாதா?

சங்கக் கூட்டத்தில் ஆளாளுக்குப் போனை எடுத்து ஏற்றிப் பார்த்தார்கள். நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு ஏறவில்லை. உங்கள் கருவிக்கு இது பொருந்தாது என்று திரை சொன்னது. ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா எழுந்து வந்து கேட்டார்: "தம்பி, இது எம்மவன் கழிச்சுப் போட்ட போனு. இதுல வராதுன்னா நான் சங்கத்துல இல்லியா?" நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது: "உங்கள மாதிரி பத்து பெர்சன்ட்தான்க்கா." அவர் திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பத்துக்கும் அந்தக் கூடத்துக்கும் இடையில் இருக்கிற தூரத்தைத்தான் நாம் பேச வேண்டும்.

பின்னத்தில் மேலே நிற்பது தொகுதி, கீழே நிற்பது பகுதி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அரசியல் எப்போதும் பகுதியில்தான் ஒளிந்திருக்கும். எத்தனை சதவீதம் என்பதை எல்லோரும் கேட்கிறார்கள்; எதில் எத்தனை சதவீதம் என்பதைக் கேட்பவர் குறைவு. கூகுளின் பட்டியல் உலகத்தில் உள்ள கைபேசிகளின் கணக்கு என்பதுபோலத்தான் புழங்கியது. உண்மையில், ஏழு நாள் இடைவெளியில் பிளே ஸ்டோர் பக்கம் வந்து போன கருவிகளின் கணக்கு அது. 0.1 சதவீதத்தை எட்டாத பதிப்புகள் அதில் காட்டப்படுவதே இல்லை. 2013 ஏப்ரலுக்கு முன்பு கணக்கு வேறு மாதிரி இருந்தது: கருவி கூகுளின் வழங்கியைத் தொட்டுப் போனாலே சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு, அதை வைத்திருப்பவர் கடைக்குள் கால் வைத்தால்தான் கணக்கு. இந்த மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணம், கூகுளின் சந்தையோடு அதிகமாக ஈடுபடுகிறவர்களை இது இன்னும் துல்லியமாகக் காட்டும் என்பது. ஒளிவு மறைவில்லாமல் எழுதியே வைத்திருந்தார்கள். நாங்கள்தான் படிக்கவில்லை. 'ஈடுபாடு' உள்ளவர் மனிதர், மற்றவர் மிச்சம். சந்தையின் இந்த வரையறையைத் தொழிற்சங்கத்துக்கான செயலியில் நான் அப்படியே இறக்கி வைத்தேன்.

இந்தப் பகுதியிலிருந்து யாரெல்லாம் விடுபட்டுப் போகிறார்கள்? பிளே ஸ்டோர் இயங்காத சீனப் பெருநிலத்தின் ஆண்ட்ராய்டு போன்கள் மொத்தமாக இல்லை. பட்டன் போன் வைத்திருப்பவர் இல்லை. செயலிகளைக் கடைக்காரரிடம் மெமரி கார்டில் ஏற்றி வாங்கியவர்களும், ஷேர்இட் வழியாகக் கைக்குக் கை மாற்றிக்கொண்டவர்களும் பெரும்பாலும் இல்லை; அந்தக் கூடத்தில் இருந்த பலருக்கு ஜிமெயில் கணக்கே கிடையாது. ஒரு போனை மூன்று பேர் மாறி மாறிப் பார்க்கிற வீடு, கணக்கில் ஒன்று. மூன்று போன் வைத்திருக்கிற ஒருவர், கணக்கில் மூன்று. கருவியை எண்ணிவிட்டு ஆளை எண்ணியதாக நினைத்துக்கொள்கிறோம். கருவி அதிகம் உள்ளவருக்கு வாக்கும் அதிகம் என்றால், சொத்து உள்ளவனுக்கு மட்டும் வாக்குரிமை என்றிருந்த காலத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மொழிக் கணக்கும் இப்படித்தான். போன் எந்த மொழியில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, தமிழ் தேவையா இல்லையா என்று முடிவெடுக்கிறார்கள். போனை முதலில் திறந்து ஆங்கிலத்தில் வைத்துக் கொடுப்பவர் கடைக்காரர். ஆண்ட்ராய்டின் முதல் ஆண்டுகளில் பல போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது; அந்த அனுபவத்தில் ஆங்கிலத்திலேயே பழகிப்போனவர்கள் உண்டு. பழக்கத்தைத் தேவை என்று வாசித்து, தமிழ் போடாமல் விட்டு, பிறகு 'தமிழை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை' என்று அதே கணக்கைச் சாட்சிக்கு அழைப்பது இங்கே அன்றாட நடைமுறை.

இனி இரண்டாவது விஷயம். இந்தக் கணக்கு தன் தீர்ப்பைத் தானே நிறைவேற்றிக்கொள்கிறது. செயலி வெளியான மூன்றாவது மாதம் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஓர் அறிக்கை கொடுத்தேன். நமது செயலியைப் பயன்படுத்துகிறவர்களில் 5.0-க்குக் கீழே ஒருவர்கூட இல்லை என்று அதில் எழுதியிருந்தேன். எப்படி இருப்பார்கள்? வாசலில் நிறுத்தி அனுப்பியவன் நான். உள்ளே வந்து தேடிப் பார்த்துவிட்டு 'அப்படி யாரும் இல்லையே' என்கிறவனும் நான். கடை பழைய போனுக்குச் செயலியைத் தருவதில்லை. தராததால் அந்தப் போன் பயன்பாட்டுக் கணக்கில் ஏறுவதில்லை. ஏறாததால் அடுத்த பதிப்பில் எல்லையை இன்னும் உயர்த்தலாம். ஒவ்வொரு செயலியாக விலக விலக அந்தப் போனில் கடைக்குப் போவதற்கான காரணமும் குறைகிறது. பெரிய பட்டியலிலும் அதன் சதவீதம் சரிகிறது. வகைப்படுத்தல் மனிதர்களை உருவாக்குகிறது என்று இயன் ஹாக்கிங் 1986-இல் எழுதினார். இங்கே ஒரு படி மேலே போய், வகைப்படுத்தல் மனிதர்களை இல்லாமலும் ஆக்குகிறது.

ஆட்கள் உண்மையிலேயே புதுப் போன் வாங்கியதும் எண் குறையக் காரணம்தான், மறுக்கவில்லை. எத்தனை பேர் மாறினார்கள், எத்தனை பேர் விரட்டப்பட்டார்கள் என்பதை இந்தக் கணக்கால் பிரித்துச் சொல்ல முடியாது என்பதே என் வாதம். 2023 ஜூலையில் 4.4 பதிப்பின் இயங்கும் கருவிகள் ஒரு சதவீதத்துக்குக் கீழே போய்விட்டன என்று சொல்லி, அதற்கான பிளே சர்வீசஸ் புதுப்பித்தலைக் கூகுள் நிறுத்தியது. 2021 மே மாதம் அதே நிறுவனம் இயங்கும் ஆண்ட்ராய்டுக் கருவிகள் 300 கோடி என்று அறிவித்திருந்தது. 300 கோடியில் ஒரு சதவீதம் 3 கோடி. அதற்குக் கீழே என்றால் இரண்டு கோடியா, ஒன்றா, அரையா? 'ஒரு சதவீதத்துக்குக் கீழே' என்று சொன்னால் காதில் விழுவதே இல்லை; கோடி என்று சொன்னால் விழுகிறது. சதவீதம் என்பது ஒரு கணக்கு முறை மட்டுமில்லை, ஒரு சொல்லாடல் உத்தியும்கூட.

மறுபக்கத்திலிருந்து ஓர் உதாரணம். யூடியூபில் பொறியாளராக இருந்த கிறிஸ் ஜக்காரியாஸ் 2012-இல் எழுதியது. காணொளிப் பக்கத்தின் எடை ஏறத்தாழ 1.2 மெகாபைட். அதை அவர் 100 கிலோபைட்டுக்குள் சுருக்கினார். வெளியிட்டுக் கணக்குப் பார்த்தால், பக்கம் திறக்க ஆகும் சராசரி நேரம் கூடியிருக்கிறது! பக்கம் இளைத்திருக்கிறது, நேரம் எப்படிக் கூடும்? கணக்கை நாடுவாரியாகப் பிரித்ததும் விளங்கியது. தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, சைபீரியா பக்கமிருந்து முன்பு வராதவர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். பழைய பக்கம் திறக்க அவர்களுக்கு இருபது நிமிடம் ஆகும்; ஆகவே யாரும் திறக்கவில்லை. புதியது இரண்டு நிமிடம், காத்திருந்து பார்த்தார்கள். மெதுவான இணைப்புக்காரர்கள் உள்ளே வந்ததும் சராசரி கெட்டது. கணக்கு அழகாக இருந்த காலமெல்லாம் அவர்கள் வெளியே நின்றிருந்தார்கள். சராசரியை மட்டும் நம்புகிற மேலாளர் ஒருவர் இருந்திருந்தால் பழைய பக்கத்துக்கே திரும்பியிருப்பார்.

நண்பர்கள் சிலர் கேட்கலாம்: எல்லாப் பழைய போனையும் தூக்கிச் சுமக்க முடியுமா? நியாயமான கேள்வி. ஒவ்வொரு பழைய பதிப்புக்கும் தனியாகச் சோதிக்க வேண்டும். ஆளும் நேரமும் செலவு. பாதுகாப்பும் இருக்கிறது. 5.0-க்கு முந்திய ஆண்ட்ராய்டில் புதிய மறையாக்க நெறிமுறை தானாக இயங்காது. மெனக்கெட்டு இயக்க வேண்டும். பணம் போகிற செயலியில் இது விளையாட்டு இல்லை. சரி, ஆனால் முடிவைக் கணக்கு எடுத்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2020 நவம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் அமைப்பு ஒரு சிக்கலை அறிவித்தது. அவர்களுடைய புதிய வேர்ச் சான்றிதழை 7.1.1-க்கு முந்திய ஆண்ட்ராய்டுகள் ஏற்காது, அவை 33.8 சதவீதக் கருவிகள். அதே அறிவிப்பில் இன்னொரு எண்ணும் இருந்தது: பெரிய தளங்களுக்கு வரும் போக்குவரத்தில் இவர்களின் பங்கு 1 முதல் 5 சதவீதம்தான். கருவியாக எண்ணினால் மூன்றில் ஒருவர், போக்குவரத்தாக எண்ணினால் ஒன்றுமில்லை. பகுதியை மாற்றினால் மனிதர்கள் சுருங்குகிறார்கள். அந்த அமைப்பு இரண்டாவது எண்ணைக் காட்டித் தப்பித்திருக்கலாம். டிசம்பரிலேயே வேறொரு நிறுவனத்தின் குறுக்குக் கையொப்பத்துக்கு வழி கண்டுபிடித்து, பழைய போன்கள் அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டது. எண்ணுக்கு வாய் கிடையாது. எண்ணின் பெயரால் யாரோ பேசுகிறார்கள்.

ஆகவே எண்ணாதே என்பதா நம் அரசியல்? இல்லை. 1901 கணக்கெடுப்பில் ரிஸ்லி சாதிகளை மேல் கீழாக அடுக்க முனைந்ததையும், தங்கள் இடத்தை உயர்த்தச் சொல்லிச் சாதிச் சங்கங்கள் மனு எடுத்துக்கொண்டு ஓடியதையும் நாம் அறிவோம். அதே நாம்தான் சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்றும் கேட்டோம். 2023-இல் பீகார் அதை வெளியிட்டபோது மகிழ்ந்தோம். எண்ணப்படுவது ஆபத்து, எண்ணப்படாமல் போவது அதைவிட ஆபத்து. யார் எண்ணுகிறார்கள், எதற்காக, வாசலுக்கு உள்ளே நின்றா வெளியே நின்றா என்பதுதான் கேள்வி.

சந்தையின் செயலி வேண்டாமென்றால் விட்டுவிடலாம். அரசு கட்டாயமாக்கும் செயலியை என்ன செய்வது? நூறுநாள் வேலைத் திட்டத்தில் 2021 மே மாதம் தேசிய கைபேசிக் கண்காணிப்புச் செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் ஏறத்தாழ எல்லாப் பணித்தளங்களுக்கும் அது கட்டாயமானது. ஒரு நாளில் இரண்டு முறை, இடக்குறியோடு படம் எடுத்து ஏற்ற வேண்டும். படம் ஏறவில்லை என்றால் வேலை செய்த நாள் வேலை செய்யாத நாள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் தொழிலாளர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். இந்தச் செயலியின் 'பயனர்' யார் என்று பாருங்கள். பயன்பாட்டுக் கணக்கைப் பொறுத்தவரை பணித்தளப் பொறுப்பாளரின் ஒரு போன்தான் பயனர். வெயிலில் வரிசையாக நின்று முகம் காட்டுகிற நாற்பது பேர் அந்தக் கணக்கில் வெறும் படம். போன் தொங்கினால் கணக்கில் ஒரு கருவி குறையும். ஊரில் நாற்பது கூலி குறையும்.

எங்கள் செயலிக்கு வருகிறேன். நான்கு வாரம் உட்கார்ந்து எல்லையை 4.1-க்கு இறக்கினேன். படங்களை எடுத்தேன், அளவைக் குறைத்தேன், மறையாக்கத்தைக் கையால் இணைத்தேன். பட்டன் போன்காரர்களுக்காகச் சங்க அலுவலகத்தில் ஒரு எண்ணும் ஒரு நோட்டும் வைத்தோம். அழைத்துச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். அந்த நோட்டில் ஒரு பத்தியைக் கூடுதலாகக் கோடு போட்டுப் பிரித்தோம்: செயலி ஏறாதவர்கள். எந்தப் போன், ஏன் ஏறவில்லை, யார். எந்தப் பட்டியலும் எனக்குத் தராத பகுதி எண் அதுதான். அடுத்த முறை எல்லையை உயர்த்துவதா என்ற பேச்சு வந்தபோது, நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராக வாசித்துவிட்டுத்தான் பேசினோம்.

நம்மிடையே இயக்கங்களுக்குச் செயலி எழுதுகிற நண்பர்கள் பெருகிவருகிறார்கள். அரசுச் செயலிகளை எதிர்த்து மனு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இருவரும் கேட்க வேண்டியது ஒன்றே: எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கோடு, எத்தனை பேர் மறுக்கப்பட்டார்கள் என்ற கணக்கையும் வை. அது இல்லாத அறிக்கையை அறிக்கை என்று ஏற்காதே. போன் இல்லாமலேயே நடக்கிற ஒரு வழியைத் திறந்து வைக்காமல் எதையும் கட்டாயமாக்காதே.

அக்காவின் போன் அடுத்த ஆண்டு செத்துப்போனது. நோட்டில் அவர் பெயர் இருக்கிறது. கூகுளின் பட்டியலில் அவர் எந்த மாதம் காணாமல் போனார் என்று யாராலும் சொல்ல முடியாது.