ஒரே அட்டைக்குள் பத்துக் குரல்கள்

யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுதியை வெறும் புலம்பலென ஒதுக்குவோர் உளர். நாம் அதனை ஒப்போம். சங்கரி, சிவரமணி ஆகியோரோடு மசூறா ஏ. மஜீட்டும் அமர்ந்திருக்கும் 10 பெண்களின் அவை அது. ஒருவர் குரல் மற்றவர் குரலை அடக்கவில்லை. படித்த பெண்களின் குரலே மிகுதி என்பது குறைதான். சம்பூர் வயலில் களைபிடுங்குபவள் அதில் இல்லை.

1991இல் தம் உயிரை மாய்த்துக்கொள்ளுமுன் சிவரமணி தம் கவிதைகளை எரித்தார். அச்சேறியவையும் பிறர் கையில் எஞ்சியவையுமே பின்னர் நூலாயின. அவர் விருப்பத்தை மீறியதாகாதா? ஆகும். எனினும் நாம் காத்தவர் பக்கமே நிற்கிறோம். 2006இல் போர் துரத்தியபோது எம் நூல்களையும் சம்பூரிலேயே விட்டு ஓடினோம். 2015இல் ஊர் மீண்டபின் இத்தொகுதியை எமக்குத் தந்தவர், 2006 போரில் தாமும் இடம்பெயர்ந்த மூதூர் முஸ்லிம் ஆசிரியை ஒருவர். சிவரமணியின் பக்கத்தில் அடையாளத்துக்கு மடிப்பிட்டிருந்தார்.