இரண்டு பிஷப், மூன்று சிப்பாய்

பக்கத்து ஃப்ளாட் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு செஸ் ஆட வருவான். கோச்சிங் போகிறான். நான் பிஷப்பைக் கொடுத்துக் குதிரையை வெட்டினால் போதும், "பிஷப் ஜோடியை விட்டுட்டீங்களே அங்கிள்" என்று உச்சுக்கொட்டுவான். தன் ஜோடியை மட்டும் கடைசிவரை கட்டிக்காப்பான். காப்பாற்றியபடியே பல சமயம் தோற்பான்.

அவனுக்காக ஒரு பழைய ஆட்டத்தைத் தேடி எடுத்தேன். 1834, லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் செஸ் க்ளப். பிரான்சின் லா பூர்தொனேயும் பெல்ஃபாஸ்ட்காரர் மெக்டானலும் ஆறு மேட்ச்களில் 85 ஆட்டம் ஆடினார்கள். 45 லா பூர்தொனேவுக்கு, 27 மெக்டானலுக்கு, மிச்சம் டிரா. அப்போது செஸ் கடிகாரமே கிடையாது. ஒரு மூவுக்கு மெக்டானல் யோசிக்கிற நேரத்தில் எதிராளி ஒரு தூக்கம் போடலாம். க்ளப் செயலாளர் வாக்கர் கூடவே உட்கார்ந்து எழுதிவைத்த புண்ணியத்தில் ஆட்டங்கள் நமக்கு மிஞ்சின.

நான்காவது மேட்சின் 16-வது ஆட்டம். புத்தகங்கள் பெரும்பாலும் இதன் கடைசிப் படத்தைத்தான் போடுகின்றன. டி2, இ2, எஃப்2 என்று கறுப்பின் மூன்று சிப்பாய்கள் வரிசையாக நிற்கும். ராணியாக ஒரே கட்டம் பாக்கி. வெள்ளையிடம் ராணியும் யானையும் இருந்தும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டியதுதான். அழகான படம். ஆனால் க்ளைமாக்ஸ் ஸ்டில்லை மட்டும் காட்டினால் கதை எப்படிப் புரியும்?

கதை ஒன்பதாவது மூவில் ஆரம்பிக்கிறது. மெக்டானல் பிஷப்பைக் கொடுத்துக் குதிரையை வாங்குகிறார். கறுப்புக்கு இரண்டு பிஷப், நடுவில் டி, இ சிப்பாய்கள் தோளோடு தோள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிக்கலும் இங்கேதான். பிஷப்புக்குத் திறந்த பாதை வேண்டும். நடுவில் நிற்கும் சொந்தச் சிப்பாயே அந்தப் பாதையை அடைக்கும். இந்த ஆட்டத்தில் எஃப்6-ல் இருந்த பிஷப்புக்கு முன்னால் சொந்த இ5 சிப்பாய். பிஷப்போ எஃப் சிப்பாயின் வழியை மறித்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரம் பார்த்து வெள்ளைக் குதிரை இ4-ல் வந்து உட்கார்ந்து அதை மிரட்டுகிறது.

17-வது மூவில் லா பூர்தொனே பிஷப்பை டி8-க்குப் பின்வாங்குகிறார். கோழைத்தனமாகத் தெரியும். எனக்கு இந்த ஆட்டத்திலேயே பிடித்த மூவ் அதுதான். பிஷப் பிழைத்தது, எஃப் சிப்பாய்க்கும் வழி கிடைத்தது. மூன்று மூவ் கழித்து அந்தச் சிப்பாய் எஃப்5-க்கு வந்து குதிரையைச் சீண்டுகிறது. ஏ4-க்கு வந்த வெள்ளை பிஷப் ராணியை மிரட்டுகிறது, பின்னால் யானை. ராணி நகர, யானை போகிறது. லா பூர்தொனே கவலைப்படவில்லை. பதிலுக்குக் குதிரையை வெட்டிய சிப்பாய் மேலே ஓடுகிறது.

29-வது மூவில் ஜோடியையும் விடுகிறார். ஒரு பிஷப்பைக் கொடுத்து மெக்டானலின் கடைசி பிஷப்பை வெட்டுகிறார். அதை வெட்டிய வெள்ளைச் சிப்பாய் டி7-க்கு வந்துவிடுகிறது. அதற்கும் ராணியாக ஒரே கட்டம்தான். மெக்டானலை ஏமாளி என்று நினைக்கக் கூடாது. மிச்சமிருந்த பிஷப் மறுபடி டி8-க்குப் போய் வாட்ச்மேன் மாதிரி வழியை மறித்து நிற்கிறது. அகலமான மூலைவிட்டத்தில் பறக்கவேண்டியது, ஒரு சிப்பாய்க்குக் காவல். 36-ல் ராணியையே யானைக்குக் கொடுக்கிறார். 37-ல் மெக்டானல் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

பிஷப் ஜோடியை ஸ்டைனிட்ஸ் ஒரு கொள்கையாக ஆக்கியது பிற்பாடுதான். லா பூர்தொனேவுக்கு அந்தப் பாடமெல்லாம் தெரியாது. அதனாலேயே ஜோடியைத் தயங்காமல் செலவழித்தார் என்று தோன்றுகிறது. மெக்டானல் மறு வருஷமே இறந்தார், லா பூர்தொனே 1840-ல் லண்டனிலேயே வறுமையில். இருவருக்கும் ஒரே கல்லறைத் தோட்டம், கென்சல் கிரீன்.

பையன் எல்லாம் பார்த்துவிட்டு, "இது ரொம்பப் பழசு அங்கிள்" என்றான். அடுத்த ஞாயிறு ஆட்டத்தின் நடுவில் பேசாமல் தன் பிஷப்பைக் கொடுத்து என் குதிரையை வெட்டினான். அரைமணியில் தோற்றேன்.