திருவெண்ணெய்நல்லூர் வழக்கு

சமயம் மேலோங்கி நின்ற காலத்தில் நீதிமன்றம் சமயத்தின் ஏவலாளாகவே இருந்திருக்கும் எனக் கருதுவார் பலர். சேக்கிழாரின் பெரியபுராணத்தை அதற்குச் சான்றாகக் காட்டுவாருமுளர். அடியார் பெருமை பேசுதற்கென்றே எழுந்த நூலில் நீதிமுறையைத் தேடுதல் வீண் என்பது அன்னார் கூற்று. தடுத்தாட்கொண்ட புராணத்தை ஊன்றிப் படிப்பார் அதற்கு உடன்படார்.

கதை யாவரும் அறிந்தது. நாவலரவர்கள் 1852 இல் வெளியிட்ட வசனநூலின் வாயிலாக நம்மிற் பலர் இளமையிலேயே கற்றது. புத்தூரில், நம்பியாரூரரின் மணப்பந்தருள் முதிய வேதியர் ஒருவர் புகுந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்கின்றார். அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் உலகில் இல்லை என மறுத்த நம்பி, அவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்தும் விடுகின்றார். வழக்கு, முதியவர் தம் ஊரெனக் கூறிய திருவெண்ணெய்நல்லூரின் அவைக்குச் செல்கின்றது.

சேக்கிழார் புலவர் மட்டுமல்லர், சோழப் பேரரசின் அமைச்சராயிருந்தவர் என்பது இவ்விடத்திலேதான் புலப்படுகின்றது. அவையோர் முதியவரின் மூப்பையோ திருநீற்றுப் பொலிவையோ கண்டு தீர்ப்புக் கூறினாரல்லர். தொன்றுதொட்ட வழக்கம், எழுதிய ஆவணம், அயலார் சாட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் நிறுவுக என்கின்றனர். கிழிபட்டது படியோலையே, மூலவோலை தம்மிடம் உண்டு என்கின்றார் முதியவர். அதனை நம்பி வலிந்து பறியாவாறு காப்பதாக அவை உறுதி கூறிய பின்னரே அது வெளிவருகின்றது. கரணத்தான் வாங்கிப் படிக்கின்றான். சாட்சிகளின் எழுத்து ஆராயப்படுகின்றது. பாட்டனாரின் கையெழுத்து, காப்பிலிருந்த அவருடைய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கப்படுகின்றது. இரண்டும் ஒத்திருந்தமையால் நம்பி தோற்றார்.

வந்தவர் இறைவன் என்பது தீர்ப்பின் பின்னர், அவர் திருவருட்டுறைக் கோயிலினுட் புகுந்து மறைந்தபோதே வெளிப்படுகின்றது. இவ்வரிசை முன்பின்னாக மாறியிருப்பின் அவையின் ஆராய்ச்சி முழுவதும் வெறுஞ் சடங்காய் முடிந்திருக்கும். இறைவனும் ஓலையோடு வந்து வழக்காடியே வெல்ல வேண்டியிருந்தது. மனுநீதிச் சோழன் வரலாற்றிலும் இப்போக்கே காணப்படும்: மறைநூல் விதித்த கழுவாய் போதுமென அமைச்சர் கூற, தன் மகனுக்கு ஒரு நீதி, பிறனுக்கு வேறொரு நீதியோ என அரசன் அதனை ஒதுக்குகின்றான்.

ஆயினும் ஒன்று நெஞ்சை உறுத்துகின்றது. அடிமை வழக்கமில்லை என்ற நம்பியின் மறுப்பை அவையும் முதலில் ஏற்றே வினவுகின்றது. ஓலை வந்ததும் அவ்வினா மறைந்துவிடுகின்றது. பிறவாத பேரனைப் பாட்டன் எழுத்தாற் பிணிக்கலாகுமா என ஒருவரும் கேட்டிலர். ஆன்மா இறைவனுக்கு அடிமை என்னும் சைவக் கொள்கைக்கு இவ்வோலை அழகிய உருவகமே. ஆனால், மக்கள் தம்மையும் தம் வழியினரையும் கோயிலுக்கு அடிமையாக விற்ற செய்தி சோழர் காலக் கல்வெட்டுக்களில் உருவகமன்று, நடைமுறை. அமைச்சராயிருந்த சேக்கிழார் அத்தகைய ஓலைகளை அறியாதிருத்தல் அரிது. வெண்ணெய்நல்லூர் அவையில் ஒருவர் வாயிலேனும் அவ்வினாவை அவர் வைத்தாரல்லர்.