மாலையும் வாசிப்பும்

எழும்பூரில் நீலம் புக்ஸ் 2023 பிப்ரவரியில் திறந்தது. புத்தகக் கடை, உட்கார்ந்து பேச ஓர் இடம், உடன் ஒரு பதிப்பகம், ஒரு மாதப் பத்திரிகை. பா. ரஞ்சித் தொடங்கிய நீலம் பண்பாட்டு மையத்தின் இலக்கியப் பகுதி என்று இதைச் சொல்லலாம். நம் வட்டத்தில் இதைப் பற்றி இரண்டு அபிப்ராயங்கள் உலவுகின்றன. ஒன்று, ‘நல்ல காரியம், நடக்கட்டும்’ என்கிற ஆசீர்வாதம். மற்றது, ‘இலக்கியத்தில் ஜாதிக்கு ஒரு வீடா?’ என்கிற முணுமுணுப்பு. முணுமுணுக்கிறவரிடமாவது வாதாடலாம். ஆசீர்வதிக்கிறவர் அங்கே அச்சான ஒரு புத்தகத்தைக்கூடப் பிரிக்காமல் மாலையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். இரண்டு பேரும் தவிர்ப்பது ஒன்றைத்தான்: வாசிப்பை.

முதலில் முணுமுணுப்பு. வீடில்லாமல் எந்த இலக்கியம் வளர்ந்தது? சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’வை ஆரம்பித்து 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். புதுக்கவிதைக்கு வேறு எவரும் திண்ணைகூடத் தராத காலத்தில் அதற்கு அது வீடாக இருந்தது. எழுதியவர்கள் ஒருவரையொருவர் வாசித்தார்கள், சண்டை போட்டார்கள், அதில் தேறினார்கள். செல்லப்பா புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றதைச் சொல்லும்போது நமக்குக் குரல் தழுதழுக்கிறது. அதை இயக்கம் என்கிறோம். அதே காரியத்தைத் தலித்துகள் செய்தால் கோஷ்டி என்கிறோம்.

இப்படிப்பட்ட வீடு என்ன செய்யவேண்டும் என்பதற்கு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஆர்ட்டுரோ ஷாம்பர்க் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த கறுப்பர். பாங்க்கர்ஸ் டிரஸ்ட் என்கிற வங்கியின் தபால் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அந்தச் சம்பளத்தில் கறுப்பர்கள் எழுதிய, கறுப்பர்களைப் பற்றிய புத்தகங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் தேடித் தேடி வாங்கினார். ஐயாயிரம் புத்தகத்துக்கு மேல் சேர்ந்தது. 1926ல் கார்னகி ஸ்தாபனம் பத்தாயிரம் டாலர் கொடுத்து அதை வாங்கி, 135ஆம் தெருவிலிருந்த பொது நூலகக் கிளைக்கு அளித்தது. இன்று ஷாம்பர்க் மையம் என்று உலகம் அறிந்திருப்பது அதுதான். லாங்ஸ்டன் ஹ்யூஸின் அஸ்தி அதன் முன்கூடத்துத் தரைக்கடியில் இருக்கிறது. கவனிக்கவேண்டியது இதுதான்: எழுத வருகிற கறுப்பு இளைஞன் தன் இனத்தில் தானே முதல் ஆள் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கவேண்டிய துர்ப்பாக்கியத்தை அந்த அலமாரிகள் ஒழித்தன.

நமக்கும் ஷாம்பர்க்குகள் இருந்தார்கள், மையம்தான் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். சரித்திரம், பௌத்தம், குறளுக்குத் தனி உரை என்று வாராவாரம் எழுதி 1914ல் இறந்தார். அவர் எழுத்து தொகுப்பாக நம் கைக்கு வந்தது 1999ல், ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட. இடையில் 85 வருஷம். அன்பு பொன்னோவியம் போன்ற சிலர் பழைய இதழ்களைப் பாதுகாத்து வைத்திராவிட்டால் அதுவும் இல்லை. இந்த 85 வருஷத்தில்தான் நவீன விமர்சனம் பிறந்து, வளர்ந்து, தமிழ் உரைநடைக்கு வரலாறும் எழுதிவிட்டது. அந்தக் கணக்கில் ‘தமிழன்’ வரவு வைக்கப்படவே இல்லை. நம் முன்னோடிகள் கெட்ட எண்ணத்தால் விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்க்கக் கிடைக்காததை எவன் பரிசீலிப்பான்? ஆனால் அப்படி முடித்த கணக்கைச் சரியான கணக்கு என்று இன்றும் நாம் கொண்டாடுவதற்குச் சமாதானம் கிடையாது. பாமாவின் ‘கருக்கு’ 1992ல் வந்தபோதும் அதை வெளியிட்டது மதுரையில் சமூகப் பணி செய்த ஒரு மையம்தான், இலக்கியப் பதிப்பகமல்ல.

தூரத்துக் கறுப்பு நமக்கு எப்போதும் பிடித்திருந்தது. இந்திரனின் ‘அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்’ 1982ல் வந்தபோது நமக்கெல்லாம் அது ஒரு புதுக் காற்று. இந்திரன் அங்கேயே நின்றுவிடவில்லை. ‘பிணத்தை எரித்தே வெளிச்சம்’ என்ற தொகுப்பில் தலித் எழுத்தையும் மொழிபெயர்த்துத் தந்தார். வாசித்தவர்களில் பலர்தான் ஆப்பிரிக்காவோடு நின்றுவிட்டோம். இத்தனைக்கும் கோட்டைக்கு வடக்கே இருந்த ஊருக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரே கறுப்பர் பட்டணம். பிறகுதான் அது ஜார்ஜ் டவுன் ஆயிற்று. ஊரைச் சுற்றி எழுப்பிய மதிலுக்கான வரியின் பெயர் வால்டாக்ஸ் ரோட்டில் நிற்கிறது. அதற்கும் வடக்கே, சுங்கத்தின் பெயரையே ஊர்ப் பெயராகக் கொண்ட டோல்கேட்டில் இருந்துகொண்டு ‘கறுப்பு’ என்ற சொல்லை இறக்குமதிச் சரக்காகப் பாவிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கரன் கார்க்கி தம் நாவலுக்குக் ‘கறுப்பர் நகரம்’ என்று பெயர் வைத்தபோது உவமை தேடி எங்கும் போகவில்லை. இங்கேயே கிடந்த சொல்லை எடுத்துக்கொண்டார்.

இனி ஆசீர்வாதம். ஒரு வீட்டைக் கௌரவிப்பது அங்கே எழுதப்படுவதை அனுதாபத்தால் தடவிக்கொடுப்பதல்ல. ரிச்சர்ட் ரைட் இளைஞரான ஜேம்ஸ் பால்ட்வினுக்கு உதவித்தொகை கிடைக்க வழி செய்தவர். அதே பால்ட்வின் 1949ல் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ நாவலைத் தாக்கி எழுதினார். நட்பு முறிந்தது, கறுப்பு இலக்கியம் முறியவில்லை. வேதனையை எடுத்துக்காட்டுவதோடு நாவலின் வேலை முடிந்துவிடுகிறதா என்ற கேள்வி உள்ளிருந்தே எழுந்ததால் அது பலப்பட்டது. இங்கும் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994ல் வந்தபோது மிகக் கடுமையான எதிர்ப்பு தலித் விமர்சகர்களிடமிருந்தே வந்தது. அதை நாம் உட்பூசல் என்று வேடிக்கை பார்த்தோம். நாவலில் தன் ஜனங்களின் வாழ்வு எப்படி உருக்கொள்கிறது என்று ஒரு விமர்சகன் கோபப்படுவது அந்த நாவலுக்குச் செய்யும் பெரிய மரியாதை. ராஜ் கௌதமன் ‘சிலுவைராஜ் சரித்திர’த்தில் துயரக் கதை கேட்க வந்தவனுக்குத் தன்னையே கேலி செய்துகொள்ளும் ஒருவனைக் காட்டினார். இந்தச் சுதந்திரம் வெளியிலிருந்து வரும் கைதட்டலால் கிடைப்பதல்ல. விளக்கம் கேட்காமல் வாசிக்கத் தெரிந்த முதல் வாசகன் பக்கத்தில் இருக்கிறான் என்ற தைரியத்தால் கிடைப்பது.

நீலம் போன்ற ஒரு மையத்திடம் நான் எதிர்பார்ப்பதும் அந்த வாசகனைத்தான். அபாயமும் அங்கேயே இருக்கிறது: வீடு அச்சாகவும் மாறலாம், எல்லா எழுத்தும் ஒரே வார்ப்பில் வெளிவரலாம். சினிமாவின் வெளிச்சம் பக்கத்திலேயே இருப்பதால் இலக்கியம் அதன் நிழலில் ஒதுங்கவும் நேரலாம். இவற்றைச் சொல்லும் உரிமை புத்தகங்களை வாங்கி, படித்து, இன்ன பக்கத்தில் இன்ன குறை, இன்ன பக்கத்தில் இன்ன சாதனை என்று எழுதுகிறவனுக்குத்தான் உண்டு. அப்படி எழுதப்பட்ட கட்டுரைகள் நம் பத்திரிகைகளில் எத்தனை என்று பழைய இதழ்களைப் புரட்டி எண்ணிப் பார்க்கலாம். அதிக நேரம் பிடிக்காது.