நின்றால் அணையும் எஞ்சின்

மொன்றியல் பனிக்காலத்தில் ழான் தலோன் வீதிச் சிக்னலில் நின்றதும் கார் உதறி அணைந்துவிடும்; ஓடும்போது ஒரு குறையும் இராது. இந்தக் கோளாறைத் துப்புத் துலக்கும் மெக்கானிக்கின் வேலையை எவ்வளவு நேரமும் ரசிப்பேன். நல்ல மெக்கானிக் எடுத்ததும் பாகம் மாற்றமாட்டார். பானட்டைத் திறந்துவிட்டுக் காது கொடுப்பார்.

வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலில், காற்றை உள்ளே விடும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். நிமிடத்துக்கு 600 முதல் 900 சுற்று. மிகக் கொஞ்சக் காற்றில் எஞ்சின் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். குளிரில் விறைத்து வெடித்த ரப்பர் குழாய் வழியே சென்சார் அளக்காத காற்று புகுந்தால், எடையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற கணக்குக் குலையும். வேகத்திலோ உள்ளே போகும் காற்றே ஏராளம். அதே கசிவு பொருட்டில்லை. நிற்கும்போது மட்டும் தெரியும் நோய்! இதைவிட அழகான தடயம் உண்டா?

கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று ஸ்கேனர் காட்டும் திருத்த எண் ஐடிலில் ஏறி, 2500 சுற்றில் இறங்கினால் கசிவுச் சந்தேகம் வலுக்கும். பிறகு காற்றுக் குழாய்களுக்குள் புகை செலுத்திப் பார்ப்பார். வெடிப்பு எங்கே என்று புகை காட்டிக்கொடுக்கும். திருத்த எண்ணில் குறையில்லை என்றால், கரி படிந்த த்ராட்டிலைத் துடைப்பார். துடைத்தபின் சில கார்களின் கணினிக்கு ஐடிலைப் புதிதாகக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும்.